அப்பாவுக்கு கீழ்த்தாடை கேன்சர் ஆபரேஷன்: கால் எலும்பா, நெஞ்சு சதையா? ரெண்டு ஆஸ்பத்திரி ரெண்டு விதமா சொல்றாங்க

வேடசந்தூர்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கங்க. அப்பாவுக்கு 58 வயசு. எங்க ஊரு வேடசந்தூர் பக்கம், புகையிலை வெளையிற மண்ணு. அப்பா எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து வெத்தலையோட புகையிலை போடுவாரு, ராத்திரி அதைக் கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல அடக்கி வெச்சுக்கிட்டே தூங்கிடுவாரு. சரியா அந்த எடத்துலதான் இப்ப புண்ணு. முதல்ல பல்லு ஆடுதுன்னு போயி பல்லப் புடுங்கிட்டு வந்தாரு, புடுங்குன குழி ஆறவே இல்ல, அப்புறம் சதை மாதிரி வளர ஆரம்பிச்சு, அதுக்கப்புறம்தான் பயாப்ஸி எடுத்தாங்க. ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு, அதாவது வாயோட உள் தோல்ல வர்ற கேன்சர்னு ரிப்போர்ட் வந்துருக்கு. சி.டி.ல தாடை எலும்பையும் அரிச்சிருக்குன்னு சொல்றாங்க. ஃபைல்ல ஃபோர் ஏன்னு எழுதியிருக்காங்க, நாலாவது ஸ்டேஜாமேன்னு யாரோ சொல்லி அம்மா காதுல விழுந்துருச்சு, அன்னையிலேர்ந்து வீட்ல ஒழுங்கா அடுப்பு எரியல.

இப்ப கொழப்பம் என்னன்னா மதுரைல ஒரு ஆஸ்பத்திரில தாடைய வெட்டி எடுத்துட்டு நெஞ்சுலேர்ந்து சதையத் திருப்பி மூடிரலாம், எலும்பு வெக்கத் தேவையில்லன்னாங்க. செகண்ட் ஒப்பீனியனுக்குக் கோயம்புத்தூர் போனா அங்க கால்லேர்ந்து எலும்ப எடுத்துத் தாடை பண்ணணும், பத்து மணி நேரத்துக்கு மேல ஆகும்ங்கிறாங்க. கால் எலும்ப எடுத்துட்டா மனுசன் எப்படி நடப்பாரு? தோட்ட வேலைக்குப் போறவரு. இதெல்லாம் புதுசா எதையோ எங்கப்பா மேல சோதிச்சுப் பாக்குறாங்களோன்னு சித்தப்பா பயப்படுறாரு. அதோட கழுத்துல கட்டி எதுவும் தட்டுப்படலன்னு அவங்களே சொல்றாங்க, ஆனா கழுத்தையும் தெறந்து நெறிக்கட்டி எல்லாம் எடுக்கணுமாம், எதுக்கு? பேச்சு வருமா, சாப்பிட முடியுமா, செலவு என்ன ஆகும், யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மல்லிகா_சேலம்:

தம்பி, மொதல்ல அம்மாவ ஒழுங்கா சோறாக்கிச் சாப்பிடச் சொல்லுங்க, இனிமே ஓடப் போறது அவங்கதான். என் வீட்டுக்காரருக்கு இதே கால் எலும்பு ஆபரேஷன்தான் ஆச்சு. லாரி டிரைவரு. எடது கால்ல எடுத்தாங்க, கிளட்ச் மிதிக்கிற காலாச்சேன்னு அவருக்கு கேன்சர விட அதுதான் பெரிய கவலையா இருந்துச்சு. இப்ப வண்டி ஓட்டுறாரு, லோடு மட்டும் ஏத்த மாட்டாரு, குளிர் காலத்துல கணுக்கால் பக்கம் விறைப்பா இருக்குதுன்னு சொல்லுவாரு, கட்டை விரல மடக்குறது கொஞ்சம் பலம் கம்மி. வாக்கர் புடிச்சு ஆரம்பத்துல நடக்க வெச்சாங்க, அப்புறம் குச்சி, அப்புறம் ஒண்ணும் இல்ல. தெரியாதவங்க பாத்தா கால்ல ஆபரேஷன் ஆச்சுன்னு சொல்லவே மாட்டாங்க, தழும்பு மட்டும் நீளமா இருக்கும், தொடையில தோல் எடுத்து அங்க ஒட்டியிருக்காங்க.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேற. ஆபரேஷன் முடிஞ்சு ஐ.சி.யூ.ல மொத தடவ பாக்கும்போது யாரும் தயாரா இருக்க மாட்டீங்க. மூஞ்சி ரெண்டு மடங்கு வீங்கியிருக்கும், கண்ணே தெறக்க முடியாது, கழுத்துல ஓட்டை போட்டு டியூப், மூக்குல டியூப், கழுத்துலேர்ந்து ரத்தம் வடியிற டியூப், கால்ல கட்டு. அதப் பாத்துட்டு என் மாமியார் மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. அதனால அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, வீக்கம் வடிஞ்சுரும்னு. மணிக்கு ஒருக்கா நர்ஸ் வந்து வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாப்பாங்க, ஊசியால குத்தி ரத்தம் செவப்பா வருதா கறுப்பா வருதான்னு பாப்பாங்க, ராத்திரி பூரா இதே வேலை. ஏதோ ஆயிருச்சுன்னு பயந்துக்காதீங்க, அது அவங்க டூட்டி.

காசு விஷயம், ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்குல்ல, குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வரும், நாங்க அதுலதான் பண்ணுனோம். ஆஸ்பத்திரில இன்சூரன்ஸ் டெஸ்க்ல போயி எலும்பு வெக்கிறது, அதுக்குப் போடுற டைட்டானியம் பிளேட்டு எல்லாம் பேக்கேஜ்ல சேருதா, நாம தனியா கட்டணுமான்னு வாய் விட்டுக் கேட்டுருங்க. கேக்காட்டி யாரும் தானா சொல்ல மாட்டாங்க.

நைலான்_நூல்:

நான் பிளாஸ்டிக் சர்ஜரி ட்ரெயினிங்ல இருக்கேன், இந்த மாதிரி கேஸ்ல கால் பக்கம் நிக்கிற ஆளு. உங்க அப்பாவ நேர்ல பாக்காம இதுதான் சரின்னு சொல்ல மாட்டேன், ஆனா நீங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்ல முடியும்.

முதல்ல அந்த நாலாவது ஸ்டேஜ். வாய்ப் புத்துநோய்ல கட்டி தாடை எலும்புக்குள்ள போயிருச்சுன்னாலே அது T4a (கட்டி எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சொல்ற குறியீடு), கழுத்துல ஒரு நெறி கூட இல்லாட்டியும், நுரையீரல் மாதிரி வேற எங்கயும் பரவலைன்னாலும் ஸ்டேஜ் 4 ஏன்னுதான் எழுதுவாங்க. வேற எடத்துக்குப் பரவுனாதான் 4 சி. ஊர்ல நாலாவது ஸ்டேஜ்னா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறாங்க, இங்க 4 ஏன்னா ஆபரேஷன் பண்ணி முழுசா எடுக்கிறதுதான் நோக்கம்னு அர்த்தம். இத அம்மாவுக்கு நீங்களே உக்காந்து சொல்லுங்க.

சோதனை எலி விஷயத்துக்கு வரேன். நெஞ்சு சதை, அதாவது பி.எம்.எம்.சி. ஃப்ளாப் (ஃப்ளாப்னா ரத்த ஓட்டத்தோட எடுத்து வேற எடத்துல வெச்சுத் தைக்கிற சதை, எலும்பு), 1979ல ஆரியன்னு ஒரு சர்ஜன் எழுதுனது, இன்னைக்கும் நம்ம நாட்ல அதிகமா பண்றதுல அது ஒண்ணு. கால்லேர்ந்து ஃபிபுலா எலும்ப ரத்தக் குழாயோட எடுத்து வேற எடத்துல வெக்கலாம்னு 1975ல டெய்லர்னு ஒரு சர்ஜன் காட்டுனாரு, அத வெச்சு தாடை பண்றத ஹிடால்கோன்னு இன்னொரு சர்ஜன் 1989ல எழுதுனாரு. ரெண்டும் பழசுதான், சித்தப்பாகிட்ட சொல்லிருங்க.

முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு. ஒடம்பு வெயிட்டத் தாங்குறது பெரும்பாலும் முன்னாடி இருக்கிற தடிச்ச எலும்பு, டிபியா. வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிசு எலும்புதான் ஃபிபுலா. அதுல முழங்கால் பக்கம் ஆறேழு சென்டிமீட்டர், கணுக்கால் பக்கம் ஆறேழு சென்டிமீட்டர் விட்டுட்டு நடுவுல இருக்கிறதத்தான் எடுக்கிறோம். மேல விடுறது அங்க சுத்திப் போற நரம்பு அடி படாம இருக்க, கீழ விடுறது கணுக்கால் ஆடாம இருக்க. அதனாலதான் மல்லிகா அக்கா வீட்டுக்காரர் கிளட்ச் மிதிக்கிறாரு. எடுத்த எலும்பு நேரா இருக்கும், தாடை வளைவா இருக்கும், அதனால ஆசாரி ஃப்ரேமுக்குக் கட்டை அறுக்கிற மாதிரி ஆப்பு ஆப்பா அறுத்து, மடக்கி, டைட்டானியம் பிளேட்ல ஸ்குரூ போடுவோம். அப்புறம் அதோட வந்த ரத்தக் குழாய கழுத்துல இருக்கிற குழாயோட மைக்ராஸ்கோப் வெச்சுத் தைக்கணும். ரெண்டு மூணு மில்லிமீட்டர் குழாய், முடிய விட மெல்லிசான நூலு. பத்து மணி நேரம் ஆகுறது இதனாலதான், அதுவும் ஒரு டீம் வாய்ல வேலை பாக்கும்போதே இன்னொரு டீம் கால்ல ஆரம்பிச்சிருப்போம்.

கழுத்தக் கேட்டீங்க. கையில தட்டுப்படல, ஸ்கேன்ல தெரியலன்னாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுல செல்லு நெறிக்குள்ள போயிருக்கலாம். மும்பை டாட்டா மெமோரியல்ல இதயே பெரிய ஆராய்ச்சியா பண்ணி 2015ல வெளியிட்டாங்க. ஆரம்ப நிலை வாய்ப் புத்துநோய், கழுத்துல எதுவும் தெரியல, அப்படிப்பட்டவங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு பக்கம் வாய் ஆபரேஷனோட சேத்தே கழுத்து நெறியையும் எடுத்துட்டாங்க, இன்னொரு பக்கம் காத்திருந்து, வந்தா எடுக்கலாம்னு விட்டாங்க. மூணு வருசத்துல மொத குரூப்ல 80 சதவீதம் பேர் உயிரோட, ரெண்டாவதுல 67.5. ஆரம்ப நிலையிலயே அவ்வளவு வித்தியாசம்னா, எலும்ப அரிச்ச கட்டிக்கு யாரும் கழுத்த விட மாட்டாங்க. அதுவும் போக, ரத்தக் குழாய இணைக்கிறதுக்கும் கழுத்தத் தெறந்துதான் ஆகணும்.

இப்ப உங்க முக்கியமான கேள்வி. இதுக்கு நான் பதில் சொல்லணும்னா எனக்கு ஒண்ணு தெரியணும், தாடைல எங்கேருந்து எங்க வரைக்கும் எடுக்கப் போறாங்க? பக்கவாட்டுல பின்னாடியா, இல்ல முன்னாடி முகவாய்க்கட்டை வரைக்கும் வருதா? சி.டி. ரிப்போர்ட்ல எழுதியிருப்பாங்க, பாத்து போடுங்க. மத்த எல்லாம் அதுக்கப்புறம்தான்.

இயற்கைவழி:

சகோ அவசரப்படாதீங்க. கத்தி பட்டா கேன்சர் வேகமா பரவும்னு எங்க தாத்தா காலத்துலேர்ந்து சொல்லுவாங்க. பயாப்ஸி எடுத்ததே தப்பு. எனக்குத் தெரிஞ்ச வைத்தியர் ஒருத்தர் இருக்காரு, மூணு மாசம் மூலிகை குடுத்துப் பாத்துட்டு அப்புறம் வேணா ஆபரேஷன் போங்க. நம்பர் தனியா அனுப்புறேன்.

ஒத்தப்பக்கம்:

மேல உள்ள தம்பி, நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்லுதீய, அத நான் குத்தம் சொல்லல. ஆனா நான் இந்த வியாதி வந்த ஆளு, தூத்துக்குடி, அதனால சொல்லுதேன். என் கூட வார்டுல இருந்தவர்ல ரெண்டு பேரு அப்படித்தான் மருந்து குடிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வந்தாவ. அதுக்குள்ள ஒருத்தருக்குக் கன்னத்துத் தோலு ஓட்டையாயி வெளிய வந்துட்டு, இன்னொருத்தருக்கு ஆபரேஷனே முடியாதுன்னு சொல்லிட்டாவ. கத்தி பட்டு பரவல, கத்தி படாமதான் பரவிச்சு. பயாப்ஸி எடுக்காம எந்தப் பெரிய டாக்டரும் கை வைக்க மாட்டாவ, வைக்கவும் கூடாது. வேடசந்தூர் தம்பி, நம்பர் வந்தா அழிச்சிரு.

சரி, இப்ப நெஞ்சு சதைக்கு வாரேன். எல்லாரும் கால் எலும்பு கால் எலும்புன்னு சொல்லும்போது நெஞ்சு சதைன்னா ஏதோ காசு இல்லாதவனுக்குப் பண்ணுத மட்டமான வேலைன்னு நெனைச்சிராதீய. எனக்கு வலது பக்கம் பின்னாடி, காதுக்குக் கிட்ட வரைக்கும் எலும்பு எடுத்தாவ, எலும்பு வைக்கல, நெஞ்சுல இருந்து சதையையும் தோலையும் கழுத்து வழியா உள்ளுக்குள்ளயே ஏத்தி வாய்க்குள்ள வச்சு தச்சாவ. எனக்கு சுகர் உண்டு, கால்ல ரத்த ஓட்டம் சரியில்லன்னு ஸ்கேன்ல வந்துட்டு, அதனால கால் எலும்பு எனக்கு ஒத்து வராதுன்னு டாக்டர் நேராவே சொன்னாரு. ஆபரேஷன் நேரமும் கம்மி, ஐ.சி.யூ. பில்லும் கம்மி.

நஷ்டம் இல்லாம இல்ல. வாயத் தெறந்தா தாடை வலது பக்கமா இழுக்கும், மேல் பல்லும் கீழ் பல்லும் சேராது, அதனால முறுக்கு, கறி எல்லாம் போச்சு, இட்லி, கஞ்சி, மீன் குழம்பு ஊத்திப் பிசைஞ்ச சோறு, இதான் நம்ம மெனு. கழுத்துல ஆரம்பத்துல ஒரு மேடு இருந்துச்சு, போகப் போக அமுங்கிட்டு. பொறவு யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்லுதேன், நெஞ்சுல முடி உள்ள ஆளுக்கு வாய்க்குள்ள முடி மொளைக்கும். சிரிக்காதீய. சோத்துல முடி வந்துட்டுன்னு வீட்ல சண்ட போட்டேன், பாத்தா நம்ம முடிதான். ரேடியேஷன் குடுத்த பொறவு அது அப்படியே கொட்டிட்டு.

வேடசந்தூர்_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒத்தப்பக்கம் அண்ணாச்சி, அம்மா ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சாங்க, படிச்சுக் காமிச்சேன்.

டாக்டர் சார் கேட்டதுக்கு, ரிப்போர்ட்டப் பாத்து எழுதுறேன், தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. எடது கீழ்க் கடவாய்ப் பல்லு எடத்துலேர்ந்து முன்னாடி நடு கோட்டத் தாண்டி வலது பக்கம் கோரைப் பல்லு வரைக்கும் எலும்பு அரிப்பு இருக்குன்னு போட்டுருக்கு. நாக்குல இல்ல, ஆனா வாயோட அடித்தளத்தத் தொடுதுன்னு இருக்கு. மதுரைல பாத்தப்ப இந்த சி.டி. எடுக்கல, வாய மட்டும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு சொன்னாங்க, சி.டி. கோயம்புத்தூர்லதான் எடுத்தாங்க. அங்கயே ரெண்டு காலுக்கும் ஆஞ்சியோ மாதிரி ஒரு ஸ்கேன் எடுத்து கால் சரியா இருக்குன்னு சொன்னாங்க. சுகர் பார்டர்ல இருக்கு. பீடியும் உண்டு, இப்ப ஒரு வாரமா நிறுத்தியிருக்காரு.

நைலான்_நூல்:

இத மொதல்லயே போட்டிருந்தா பாதி விஷயம் அப்பவே தெளிவாயிருக்கும், பரவால்ல.

நடு கோடு தாண்டியிருக்குன்னா கதையே வேற. பக்கவாட்டுல பின்னாடி மட்டும் எலும்பு போனா எலும்பு வெக்காம சதைய வெச்சு மூடுறது நியாயமான வழிதான், ஒத்தப்பக்கம் அண்ணாச்சி அதுக்கு சாட்சி. ஆனா முன்னாடி வளைவு போச்சுன்னா நெலமை ரொம்ப மோசமாயிரும். நாக்கோட முன் பக்கத் தசையெல்லாம் அந்த முகவாய் எலும்போட உள்பக்கத்துலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தப் பிடிமானம் போனா நாக்கு பின்னாடி சரியும், மூச்சுப் பாதையை அடைக்கும், கழுத்து டியூப எடுக்கிறதே சிரமமாயிரும். கீழ் உதடு உள்ள விழுந்து எச்சி நிக்காம ஒழுகும், முழுங்குறதும் கஷ்டம். எலும்பு இல்லாம வெறும் பிளேட்ட மட்டும் வெச்சு மேல சதைய மூடினா, முன்பக்கத்துல அந்த பிளேட்டு நாளாக நாளாகத் தோலக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரப் பாக்கும், ரேடியேஷன் வேற குடுத்தா இன்னும் சீக்கிரம். அதனால முன்பக்கம் போகுதுன்னா, கால் ரத்தக் குழாய் சரியா இருந்து, மயக்க டாக்டரும் ஒடம்பு தாங்கும்னு சொன்னா, எலும்பு வெக்கிறதுதான் நல்லது. இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்ல, பெரும்பாலான சர்ஜன்கள் இதத்தான் சொல்லுவாங்க. மதுரைல சொன்னவங்க சி.டி.யப் பாக்காம சொன்னது, இந்தப் படத்த அவங்க பாத்தா அவங்களே மாத்திச் சொல்லலாம், அதனால அவங்க மேல கோவப்படத் தேவையில்ல.

கால்ல எடுத்த ஸ்கேன் எதுக்குன்னா, காலுக்கு மூணு குழாய் ரத்தம் கொண்டு போகும், அதுல ஒண்ண ஃபிபுலாவோட நாங்க எடுத்துருவோம். மீதி ரெண்டும் நல்லா இருந்தாதான் பாதம் பொழைக்கும். சில பேருக்குப் பொறவியிலயே மத்த ரெண்டும் மெலிஞ்சு நாங்க எடுக்கிற குழாய்தான் பாதத்துக்கே ரத்தம் குடுத்துக்கிட்டு இருக்கும், அவங்களுக்கு எடுக்கவே கூடாது. புகையிலைப் பழக்கம் உள்ளவங்களுக்குக் குழாய் அடைப்பும் இருக்கலாம். ஆக கோயம்புத்தூர்ல முறையா பாத்துருக்காங்க.

ரிஸ்க் என்னன்னும் தெரிஞ்சுக்கங்க. அனுபவம் உள்ள டீம்ல நூத்துல 95 கிட்ட ஃப்ளாப் பிடிச்சுக்கும். மீதி கேஸ்ல தச்ச குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு போகும், பெரும்பாலும் மொத ரெண்டு மூணு நாளைக்குள்ள. அதுக்குத்தான் அந்த மணிக்கு ஒருக்கா ஊசி குத்துறது, நீல நெறமா மாறுதுன்னு சீக்கிரம் கண்டுபிடிச்சு ராத்திரி ரெண்டு மணின்னாலும் திரும்ப தியேட்டருக்குக் கொண்டு போயி சரி பண்ணிட்டா பல தடவ காப்பாத்திரலாம். அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: ராத்திரில ஃப்ளாப்ல பிரச்சனை வந்தா அத சரி பண்ற சர்ஜன் கூப்பிடுற தூரத்துல இருப்பாரா, மாசத்துக்கு இந்த மாதிரி எத்தன பண்றீங்க? எந்த நல்ல டாக்டரும் இதுக்குக் கோச்சுக்க மாட்டாரு. அப்படியும் போயிருச்சுன்னா நெஞ்சு சதை கைவசம் இருக்கு, அத வெச்சு மூடலாம்.

பீடி ஒரு வாரமா நிறுத்தினது நல்லது, திரும்ப ஒரு இழுப்பு கூட கூடாது, ரத்தக் குழாய் சுருங்கிரும். ஐ.சி.யூ.க்கு வெளிய உக்காந்து புகைக்கிற சொந்தக்காரங்களையும் பக்கத்துல விடாதீங்க. சுகர டாக்டர் சொல்ற அளவுக்குக் கொண்டு வந்துருங்க, புண்ணு ஆறுறது அதுலதான் இருக்கு.

பேச்சுப்_பயிற்சி:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ஃப்ளாப் பத்தி சார் சொல்லிட்டாரு, நான் அதுக்கப்புறம் வர்றத மட்டும் சொல்றேன்.

கழுத்துல டியூப் இருக்கிற வரைக்கும் அப்பாவால சத்தம் போட்டுப் பேச முடியாது, காத்து குரல் நாண் வழியா மேல போகாம டியூப் வழியா வெளிய போயிரும், அவ்வளவுதான். வீக்கம் வடிஞ்சதும் டியூப எடுத்துருவாங்க, குரல் வந்துரும். அதுவரைக்கும் ஒரு சிலேட்டு வாங்கி வெச்சுக்கங்க. அப்பாவுக்கு எழுதத் தெரியாதுன்னா தண்ணி, வலி, பாத்ரூம், சளி உறிஞ்சணும், குளிருது, யாரப் பாக்கணும், இப்படிப் படம் வரைஞ்ச அட்டை ஒண்ணு முன்னாடியே வீட்டுல வெச்சுப் பழக்கிருங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் பழக்க முடியாது, அவரு வலியில இருப்பாரு, நீங்க பதட்டத்துல இருப்பீங்க.

நாக்கு தப்பிச்சிருக்குங்கிறது பெரிய விஷயம். பேச்சத் தீர்மானிக்கிறது தாடைய விட நாக்குதான். ப, ம, வ மாதிரி உதட்டுல பொறக்கிற எழுத்து கொஞ்ச நாள் கொழகொழன்னு இருக்கும், ஏன்னா கீழ் உதட்டுக்கு உணர்ச்சி குடுக்கிற நரம்பு தாடை எலும்புக்குள்ளதான் ஓடுது, எலும்போட அதுவும் போயிரும். எச்சி ஒழுகுறது கூட அவருக்குத் தெரியாது, அவர் அசிங்கமா இருக்காருன்னு நெனைக்காம பக்கத்துல ஒரு துண்டு வெச்சுருங்க. சாப்பாடு முதல்ல மூக்கு டியூப்லதான், தையல் ஆறுற வரைக்கும். டியூப்ல ஊத்தும்போது நிமித்தி உக்கார வெச்சு ஊத்துங்க, ஊத்துன ஒடனே படுக்க விடாதீங்க. அப்புறம் வாய் வழியா ஆரம்பிக்கும்போது என்ன பதத்துல குடுக்கணும்னு எங்கள மாதிரி ஒருத்தரக் கேட்டுட்டுக் குடுங்க. தண்ணிதான் லேசானதுன்னு எல்லாரும் தண்ணிய மொதல்ல குடுப்பாங்க, அதுதான் வேகமா ஓடி மூச்சுக் குழாய்க்குள்ள போறது. கூழ் மாதிரி கெட்டியா இருக்கிறது நிறைய பேருக்கு சுலபம்.

வாய் தெறக்கிற பயிற்சி, தோள் பயிற்சி ரெண்டையும் விட்டுறாதீங்க. கழுத்துல நெறி எடுக்கும்போது தோளத் தூக்குற நரம்புக்குப் பக்கத்துல வேலை பாப்பாங்க, நரம்பக் காப்பாத்துனாலும் கொஞ்ச மாசம் தோள் தொங்கும், கையத் தலைக்கு மேல தூக்க வராது. தோட்ட வேலை பாக்குறவரு, இது அவருக்குக் கால விட முக்கியம். வாய்க்கு ஐஸ்கிரீம் குச்சிய அடுக்கி பல்லுக்கு நடுவுல வெச்சு ஒவ்வொரு குச்சியா கூட்டிக்கிட்டே போவோம், எப்ப ஆரம்பிக்கணும்னு சர்ஜன் சொல்லுவாரு, ரேடியேஷன் முடிஞ்ச பெறகும் தொடரணும், இல்லன்னா வாய் இறுகிரும்.

வேடசந்தூர்_பையன்:

கோயம்புத்தூர்லயே பண்றதுன்னு முடிவு பண்ணிட்டோம். நைலான் நூல் சார் சொன்ன கேள்வியக் கேட்டேன், டாக்டர் சிரிச்சுட்டு உக்கார வெச்சு ஒரு பேப்பர்ல தாடை படம் வரைஞ்சு காமிச்சாரு, எந்த இடத்துல வெட்டுவாங்க, எலும்ப எத்தன துண்டா மடக்குவாங்கன்னு. சி.டி.ய வெச்சு அப்பா தாடை மாதிரியே பிளாஸ்டிக்ல அச்சு எடுத்து பிளேட்ட முன்னாடியே அதுல வளைச்சு வெச்சுக்குவாங்களாம், அதனால நேரம் மிச்சம்னாரு. இன்சூரன்ஸ் அப்ரூவலுக்குப் போட்டுருக்கோம்.

ரெண்டு சந்தேகம் பாக்கி. ரேடியேஷன் கண்டிப்பா வேணுமா, ஆபரேஷன்லயே முழுசா எடுத்துட்டா எதுக்கு? அப்புறம் மிச்சம் இருக்கிற நல்ல பல்லு ரெண்டு மூணயும் புடுங்கணும்னு பல் டாக்டர் சொல்றாரு, அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாரு, போடுற பல்லு இனிமே வருமான்னு கேக்குறாரு.

நைலான்_நூல்:

ரேடியேஷன் வேணுமா வேணாமான்னு கடைசியா சொல்றது வெட்டி எடுத்த கட்டியோட ரிப்போர்ட்தான், ஆனா எலும்ப அரிச்ச கட்டிக்குப் பெரும்பாலும் வேணும்னுதான் வரும், அதுக்கு மனச தயார் பண்ணி வைங்க. வழக்கமா 30 சிட்டிங், வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறு வாரம். வெட்டுன ஓரத்துல கேன்சர் செல் இருந்தாலோ, கேன்சர் நெறியோட மேல் உறையக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருந்தாலோ கூடவே கீமோவும் சேப்பாங்க. கண்ணுக்குத் தெரிஞ்சத நாங்க எடுக்கிறோம், தெரியாததுக்குத்தான் ரேடியேஷன். இதுல ஒரே கண்டிஷன், ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சரணும். வீட்டுக்கு வந்ததும் அறுவடை, கல்யாணம், கோயில் கொடைன்னு தள்ளிப் போட்டு வர்றவங்க எத்தனையோ பேரு, அதுக்குள்ள திரும்ப வளந்திருக்கும். டிஸ்சார்ஜ் அன்னைக்கே ரேடியேஷன் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டுதான் ஊருக்குக் கெளம்பணும்.

பல்லுக்கு வரேன். ஆடுற பல்லு, சொத்தைப் பல்லு, ஈறு கெட்ட பல்லுன்னா ரேடியேஷனுக்கு முன்னாடி எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம். ரேடியேஷன் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சுரும், அப்புறம் பல்லப் புடுங்குனா குழி ஆறாம எலும்பே அழுகிப் போற சிக்கல் உண்டு. பெரும்பாலும் ஆபரேஷன் மேஜைலயே சேத்து எடுத்துருவோம், தனியா வலி இல்ல. உண்மையிலயே நல்ல பல்லுன்னா வெச்சுக்கலாமான்னு பல் டாக்டர்கிட்ட இன்னொரு தடவ கேளுங்க, எல்லாப் பல்லையும் கண்ண மூடிக்கிட்டுப் புடுங்கணும்னு இல்ல. போடுற பல்லு வருமான்னா, ஃபிபுலாவோட பெரிய லாபமே அதுதான், அந்த எலும்புல இம்ப்ளான்ட் போட்டுப் பல்லு கட்டலாம். செலவு தனி, ஒடனே நடக்காது, ரேடியேஷன் குடுத்த எலும்புல ரிஸ்க்கும் கூட. அப்பாகிட்ட வாய்ப்பு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, வாக்கு குடுக்காதீங்க.

ஒத்தப்பக்கம்:

பல்லுக்கு அழுவுதாரா அப்பா? என் நம்பர் தனியா அனுப்புதேன், ஒரு நாளு வீடியோ கால் போடச் சொல்லு. எனக்குப் பாதி தாடையே கெடையாது, நான் பேசுதது அவருக்குப் புரியுதான்னு பாக்கட்டும். பொகையில மேட்டரையும் நான் பேசிக்கிடுதேன், மவன் சொன்னா கேக்க மாட்டாவ.

மல்லிகா_சேலம்:

நல்லபடியா நடக்கும் தம்பி. கடைசியா கொஞ்சம் சாமான் விஷயம், இது எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. தலை வழியா மாட்டுற பனியன், டீ-சர்ட் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, முன்னாடி பட்டன் வெச்ச பழைய சட்டை நாலு எடுத்துக்கங்க. கழுத்துல எதையும் இறுக்கிக் கட்டாதீங்க, துண்டு, மஃப்ளர், தாயத்துக் கயிறு எதுவுமே, உள்ள தச்ச குழாய் அமுங்கிரும்னு எங்களுக்கு டியூபையே நாடா கட்டாம தோலோட தச்சுதான் வெச்சிருந்தாங்க, எங்க நாத்தனா சாமி கயிறு கட்டப் போயி நர்ஸ்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. ரத்தம் குடுக்க ஆள ரெண்டு நாளு முன்னாடியே சொல்லி வெச்சுருங்க. டியூப்ல ஊத்துற கஞ்சிக்கு ஒரு நல்ல மிக்ஸி ஜாரும் மெல்லிசு வடிகட்டியும் வேணும், கேப்பங்கூழ் வடிகட்டாம ஊத்துனா டியூப் அடைச்சுக்கும், ஊத்தி முடிச்சதும் தண்ணி விட்டு அலசி மூடுங்க. ராத்திரிக்கு ஒருத்தர், பகலுக்கு ஒருத்தர்னு ஆள மாத்தி மாத்திப் போடுங்க, அம்மாவையே ரெண்டு வேளையும் உக்கார வெக்காதீங்க. தேதி குடுத்ததும் இங்க ஒரு வரி போடுங்க, கோயம்புத்தூர்ல எங்க அக்கா வீடு இருக்கு, சமைக்க எடம் வேணும்னா கேட்டுச் சொல்றேன்.